உட்கார்ந்து எடுத்த கோடு

குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்காலம் முழுவதும் இ.சி.ஜி. எடுத்தவன் நான். படுக்க வைக்கவும், சாதாரணமாக மூச்சுவிடச் சொல்லவும், வேறு விதமாக எடுத்தால் தாளில் குறிக்கவும் என்று அழகான கையெழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவனும் நானே. ஒட்டியதோடு என் கடமை முடிந்தது.

ஜனவரியில் அந்தக் கட்டிலில் சட்டையில்லாமல் படுத்தால் உடம்பு நடுங்கும். நடுக்கம் கோட்டிலும் ஏறி, தாள் முழுக்கப் பூனைமுடி முளைத்ததுபோல் இருக்கும். அதனால் குளிர்காலத்தில் ஹீட்டர் பக்கம் நாற்காலி போட்டு, உட்கார வைத்தே எடுப்போம்.

புதிதாக வந்த டாக்டர், "ஹீட்டரைக் கட்டில்கிட்ட நகர்த்தலாமே?" என்றார். அது எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. நகர்த்தினோம்.

அந்த வாரம் எஸ்டேட் லாரி டிரைவர் வருடாந்தரச் சோதனைக்கு வந்தார். நல்ல தொப்பை. படுக்க வைத்து எடுத்தேன். டாக்டர் போன வருடத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தாளில் ஓடும் பல கோடுகளில் மூன்றாவதில், அப்போது இல்லாத ஒரு பள்ளம்.

"நடுவில மாரடைப்பு வந்து போயிருக்கலாம். இனி மலைப்பாதையில வண்டி எடுக்க வேண்டாம்."

"ஏனுங்க டாக்டர், வராத வலிக்கு வண்டியப் புடுங்கறீங்களே! ஃபேக்டரியில போயித் தூசி கூட்டவாங்க?"

போன வருடத் தாளில் என் கையெழுத்து இருந்தது. 'உட்கார்ந்து' என்ற ஒரு சொல்தான் இல்லை. போன வருடம் நாற்காலியில் உட்கார வைத்து எடுத்ததைச் சொன்னேன்.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "திரும்ப எடுங்க, பாக்கலாம்."

படுக்க வைத்தேன், பள்ளம் இருந்தது. "மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க" என்றேன். டிரைவர் கண்ணை மூடி இழுத்தார். தாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பள்ளம் மறைந்தது. மூச்சை விட்டார், திரும்ப வந்தது. உட்கார வைத்தோம், இல்லை. இத்தனை வருடம் எடுத்தும் நான் வேடிக்கை பார்க்காத காட்சி அது. படுத்தால் தொப்பை மேலே நெருக்கி இதயத்தைச் சாய்க்கிறது. மூச்சிழுத்தால் இடம் கிடைத்து இதயம் நிமிர்கிறது. மற்ற கோடுகளில் ஒரு குறையும் இல்லை. மாரடைப்பு இல்லை, வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சான்றிதழில் கையெழுத்திட்டார்.

டிரைவர் பொத்தானைப் போட்டபடி என்னைப் பார்த்தார். "போன வருசம் உங்க பேனாவுல மை தீந்துருச்சுங்களா?"

"இருந்துதுங்க."

"எதுக்கும் இத வெச்சுக்குங்க" என்று தன் பேனாவை நீட்டினார். அதை வாங்கித்தான் பழைய தாளில் 'உட்கார்ந்து' என்று எழுதினேன்.