தரிப்பிடத்துக்குக் கீழே ஒரு குளம்

நான் வளர்ந்த லோறென்ஸ்கூக் ஊரில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீடொன்றைப் பார்க்க அம்மாவோடு போயிருந்தேன். நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் இறங்கியதும் சேற்று வெடில் மூக்கில் அடித்தது. அந்த வெடில் எனக்குத் தெரியும். அது அப்பாவும் நானும் மீன் பிடித்த குளத்தின் மணம்.

பனி உருகி முடிந்த மே மாத ஞாயிற்றுக்கிழமைகளில், வேலைச் சப்பாத்தோடேயே அப்பா கரைக்கல்லில் நின்று தூண்டில் போட, உடம்பில் கறுப்புக் கோடு விழுந்த அபோர் மீன்கள் வாளிக்குள் துள்ள, முள்ளுக் குத்திய விரலைச் சூப்பியபடி நான் தண்ணீர் கல்லில் மோதும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பருத்தித்துறைக் கடற்கரையில் வளர்ந்த அம்மா குளத்து மீனைச் சட்டியில் போடமாட்டா. அதனால் அப்பா அங்கேயே உப்பும் தேசிக்காய்ப் புளியும் போட்டு மீனை உரஞ்சிக் கழுவுவார். "கடல் மீன் எண்டு சொல்லு" என்பார். நானும் சொல்வேன். அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் குழம்பு வைப்பா.

வீட்டைக் காட்ட வந்த இளைஞன், முன்பு இங்கே ஒன்றுமே இருக்கவில்லை என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளத்தை மண் போட்டு மூடி, கட்டடத்துக்குக் 'குளக்கரை' என்று பெயரும் வைத்துவிட்டு, ஒன்றுமே இருக்கவில்லையாம். அப்பா நின்ற கல்லை எங்கே கொண்டுபோய்க் கொட்டினீர்கள் என்று கேட்டேன். அவன் வரைபடத்தை நீட்டினான்.

அம்மா என்னிடம் தமிழில் சொன்னா:

"ஒண்டும் இருக்கேல்லையெண்டால், உந்தச் சேத்து வெடில் போகப் பத்து வருசமா நான் ஏன் ரெண்டு மடங்கு புளி விட்டனான் எண்டு அவனைக் கேள்."