பாறையில் விரியாத கை

என் கை விரியவில்லை என்று நான் சொன்னது பொய். நான் விரிக்கவில்லை.

உங்களிடம் சொல்வது எளிது. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவளோடு தினமும் பேசுகிறேன், டீ வாங்கிக் கொடுக்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறேன். இதை மட்டும் சொல்வதில்லை...

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். திருப்பூரில் பனியன் மடித்தேன், கொச்சியில் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன், பெங்களூரில் செங்கல் சுமந்தேன். எந்த ஊரிலும் காலூன்றவில்லை. படுக்க இடம் கிடைக்காத ஊர்களில் பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். அதில் பெரிய துக்கம் ஒன்றும் இல்லை, கொசுதான் தொல்லை.

அப்படி அலைந்து திற்பரப்புக்கு வந்து சேர்ந்தேன். அருவியில் குளிக்க வருகிறவர்களைப் படம் எடுத்து, உடனே அச்சுப் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை ஒன்று லீலா அக்காவுக்கு இருந்தது. படம் எடுத்துக்கொண்டிருந்தவன் துபாய்க்குப் போய்விட்டான். கேமரா பிடிக்கத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். தெரியாது! அதை அவள் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்; ஆனாலும் அனுப்பவில்லை. தானே சொல்லிக் கொடுத்தாள். அச்சு இயந்திரம் வைத்திருந்த கடையின் பின்பக்கம் படுக்க இடமும் கொடுத்தாள்.

கேமரா அவளுடையது. பசுவை விற்று வாங்கியது.

அருவியில் படம் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. குடும்பத்தைக் கைப்பிடித்துப் பாறைக்கு அழைத்துப் போவதும், நிற்க வைப்பதும், எடுத்து முடித்த பிறகு கைப்பிடித்தே திரும்பக் கொண்டுவந்து விடுவதும் படம் எடுப்பவன் பொறுப்பு. பாறையெங்கும் பாசி. படம் மங்கலாக வந்தாலும் மன்னிப்பார்கள். வழுக்க விட்டால் மன்னிக்க மாட்டார்கள். அதனால் மணிக்கட்டில் மாட்டும் வார் எங்களுக்கு அலங்காரம் அல்ல. வார் கேமராவைப் பார்த்துக்கொள்ளும். கை மனிதரைப் பார்த்துக்கொள்ளும்.

கேமராவோடு வந்த வார் நைந்துபோனதும் இருவரும் நாகர்கோவிலுக்குப் போனோம். கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும் லீலா அக்கா ஒரு முனையைக் காலில் மாட்டி, மறு முனையை இரண்டு கையாலும் இழுத்தாள். தோல் வாரை ஒதுக்கினாள். நனைந்து நனைந்து ஊறிப் போகுமாம். பட்டை நாடாவை ஒதுக்கினாள். தையலில் நூல் தெரிந்தது.

"அம்மா, இது கேமராவுக்கு உள்ளது. மாட்டைக் கட்டுததுக்கு இல்ல" என்றார் கடைக்காரர்.

"எங்க மாட்டை வித்துத்தான் கேமரா வாங்கியிருக்கு. அப்பம் இதுவும் மாடுதான். நீரு அடுத்ததை எடும் வே."

கடைசியில் தேறியது, மலையேறுகிறவர்கள் பயன்படுத்துவதைப் போன்ற உருண்டையான நைலான் கயிறு. மணிக்கட்டில் போட்டதும் இறுக்கிக்கொள்ள ஒரு சின்ன வளையம் அதில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதில் அம்மிக்குழவியைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டாள். விடிந்த பிறகும் குழவி அப்படியே தொங்கியது.

அதோடு விட்டாளா? என் கைக்கும் பரீட்சை வைத்தாள். கீழே தலையணையைப் போட்டுவிட்டு, "கையை விரி" என்றாள்.

முதலில் வாரில் ஒரு தேங்காயைக் கட்டினாள். விரித்தேன், தொங்கியது. பிறகு கேமராவை மாட்டினாள். விரல்கள் அசையவில்லை!

"தேங்காயை விடுத, கேமராவை விடமாட்டேங்குத! ஏலே, விரிச்சாத்தான் இது ஸ்ட்ராப்பு. விரிக்கலேன்னா சும்மா வளையலாக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு விரித்தேன். கேமரா சட்டென்று இறங்கி மணிக்கட்டில் நின்று ஆடியது. தலையணையைத் தொடக்கூட இல்லை. வார் தாங்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை...

ஒரு மதியம் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக விழுந்துகொண்டிருந்தது. கேமராவில் பேட்டரி தீரும் நிலை. கையைத் தூக்கிக் காட்டினேன். லீலா அக்கா மாற்று பேட்டரியை எடுத்துக்கொண்டு தானே பாறைக்கு வந்தாள். வரும்போதே, "உனக்குச் சோறும் இங்கயே கொண்டு வரணுமா மக்கா?" என்று சத்தம் போட்டாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு இரண்டடி முன்னால் அவள் கால் வழுக்கியது. கையை நீட்டினாள்.

என் இடது கை பாறையில் நட்டிருந்த இரும்புக் கம்பியைப் பிடித்திருந்தது. அதை விட்டால் நானும் விழுவேன், அது நியாயம். வலது கையில் கேமரா. மணிக்கட்டில் குழவியைத் தாங்கிய வார். விரித்தால் போதும்! விரித்து, எட்டிப் பிடித்திருந்தால் போதும்.

நான் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

அவள் விரல் நுனி என் முழங்கையில் உரசிப் போனது. கீழ்ப்பாறையில் அவளுடைய வலது முழங்கை முதலில் பட்டது. குளிக்க வந்த யாரோ ஓடி வந்து தூக்கினார்கள். அப்போதும் நான் கேமராவைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவளுடைய பொருளைக் காப்பாற்றினேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை. கேமரா உடைந்தால் கடை இல்லை; கடை இல்லையென்றால் நான் மறுபடியும் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது அதுதான். கொசுதான் தொல்லை என்று மேலே எழுதினேனே... அதுவும் முழு உண்மை இல்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகு அவள் முதலில் கேமராவைப் பற்றிக் கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்றேன். பிறகு கேட்டாள்:

"நீ ஏன் மக்கா கை தரல்ல?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள், அவ்வளவுதான். அந்தக் குரலுக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாம்!

"ஸ்ட்ராப்பு இறுகிட்டுக்கா. விரல்ல சுத்திக்கிட்டு. விரியல்ல."

"காலையில வளையத்தை இறுக்கி விட்டது நான்தானே..." என்றாள்.

ஆம், அன்று காலை கடை திறந்ததும் அவள்தான் இறுக்கி விட்டிருந்தாள். என் பொய்க்கு அது இவ்வளவு சரியாகப் பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. பொருந்தியதும் மறுக்கவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவள் என் வருத்தம் என்று எடுத்துக்கொண்டாள்.

அந்த முழங்கை இன்று வரை முழுதாக மடங்குவதில்லை. படங்களை இடது கையால் வெட்டுகிறாள், ஓரம் கோணுகிறது. தலைக்குப் பின்னால் கை போகாததால் கொண்டையை, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அவள் கணவர் போட்டுவிடுகிறார். "ரப்பர் வெட்டுதவன் போட்ட கொண்டை, பால் வடியுதான்னு பாரு" என்று அவளே கேலி செய்கிறாள். எல்லாரும் சிரிக்கிறோம். நானும்!

கோணல் கொண்டையைக்கூடச் சகித்துக்கொள்வேன். அருவிக்குப் புதிதாகக் கேமராவோடு யார் வந்தாலும் அவள் கூப்பிட்டுச் சொல்வதைத்தான் என்னால் கேட்க முடியவில்லை.

"பலமான ஸ்ட்ராப்பு வாங்காத மக்கா. நான் ஒருத்தனுக்குப் பாத்துப் பாத்து வாங்கிக் குடுத்தேன். அது அவன் கையைக் கட்டிப் போட்டுட்டு. அவன் என்ன செய்வான், பாவம்."

அந்தப் பாவப்பட்டவன் பக்கத்திலேயே நின்று லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

போன மாதம் மறுபடி நாகர்கோவிலுக்கு அழைத்துப் போனாள். அதே கடை. இந்த முறை ஒவ்வொரு வாரையும் ஒரு கையால்தான் இழுத்தாள். இழுத்ததும் பிரிந்துவிடுகிற பிளாஸ்டிக் கொக்கி வைத்த, மெலிந்த வார் ஒன்றைக் கேட்டாள். கடைக்காரருக்கு அவளை நினைவிருந்தது.

"அண்ணைக்கு மாட்டைக் கட்டப் போறேன்னு கேட்டியளே அம்மா?"

"இப்பம் மனுசனைக் கட்டணும். ஆவத்துன்னா அத்துப் போவணும்."

அங்கேயே சொல்லியிருக்கலாம். அக்கா, வாரில் தப்பு இல்லை, வளையத்தில் தப்பு இல்லை, உன் கையில் தப்பு இல்லை என்று... வாய் வரை வந்தது. அவள் இடது கையாலேயே தட்டுத்தடுமாறி அந்த வாரை என் மணிக்கட்டில் மாட்டினாள். கொக்கியை இழுத்துப் பார்த்தாள், பிரிந்தது. அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

"எப்பிடி இருக்கு மக்கா?"

"நல்லா இருக்குக்கா" என்றேன்.

பழைய வார் என் பையின் அடியில் கிடக்கிறது. ஒரு இழைகூடப் பிரியவில்லை. தூக்கிப் போட எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன்.

இன்று காலையும் பாறைக்குப் போனேன். ஒரு அம்மா இறங்குவதற்குக் கையை நீட்டினார். புது வாரை நம்பிக் கேமராவை விட முடியாது; சிறிய இழுப்புக்கே பிரிந்துவிடும். அதனால் இடது கை கம்பியில் இருக்க, வலது கையால் கேமராவை முன்னைவிட இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா கம்பியைப் பிடித்துத் தானே இறங்கினார்.

லீலா அக்கா கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையைத் தூக்கி, சரிதானே என்பதுபோல் ஆட்டினாள்.

நான் தலையை ஆட்டினேன்.