ஆட்டுக்காக எழுப்பிய சுவர்

பிள்ளைகளே, நம் கல்லறைத் தோட்டத்தின் நடுவே ஏன் ஒரு சுவர் நிற்கிறது என்று கேட்டீர்கள். நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவன், கோர்வையாக வராது. ஆனால் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகிற சாலையோரம் அந்த நிலத்தை மிஷன் காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் வாங்கினார். சபையில் இறந்தவர் எல்லாரையும் ஒரே வரிசையில் புதைத்தார்கள். கடைசிப் பாதிரியார் கப்பலேறிய பிறகுதான், நிலபுலம் உள்ள குடும்பத்தார் ஆடு மேய்கிறது, சுவர் வேண்டும் என்றார்கள். கிறிஸ்தவ வேதத்துக்கு வரும்போது சாதியையும் கையோடு கொண்டுவந்தவர்கள் அவர்கள். நம் சேரி ஆட்கள் அதை யோசிக்கவில்லை. கூலிகூட வாங்காமல், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மண் சுமந்தோம். நானும் சுமந்தேன். முதலில் நடுவில் போடுங்கள், சுற்றுச்சுவர் அப்புறம் என்றார்கள். அதையும் நம்பினோம். சுற்றுச்சுவர் இன்றுவரை வரவில்லை. ஆடுகள் இரண்டு பக்கமும் மேய்கின்றன. மேடு அவர்களுக்கு, பள்ளம் நமக்கு என்று ஆனதுதான் மிச்சம்.

சுதந்திரம் வந்த வருஷம், ஐப்பசி மழையில், என் அக்கா, அதாவது உங்கள் அத்தை, காய்ச்சலில் இறந்தாள். தேவாலயத்தில் திருவிருந்து மேசையின் விரிப்பை வருஷக்கணக்காகத் துவைத்து, கஞ்சி போட்டு விரித்தவள். பள்ளத்தில் குழி வெட்டினால் இடுப்பளவு தண்ணீர். வெட்டியவர் தகர டின்னால் இறைத்து இறைத்து ஓய்ந்துபோனார். "எறைச்சிகினே கீறேன் நைனா, ஊறிகினே கீது" என்று கையை விரித்தார்.

சபையை நடத்திய மூப்பரிடம் ஓடினேன். மேட்டில் ஓரமாக ஆறடி கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து பொறுமையாகவே பேசினார்.

"மோட்சத்துல எல்லாரும் ஒண்ணுதாம்பா. பூமியில வழக்கம்னு ஒண்ணு கீதில்ல?"

"எங்க அக்கா தொவைச்ச துணி மேசைக்கு ஆவுதுங்க. அக்கா மட்டும் ஆவாதுங்களா?" என்றேன்.

"நீ துக்கத்துல பேசற. போ, போய் ஆவவேண்டியதப் பாரு" என்றார்.

பெட்டியை இறக்கினோம். அது மிதந்தது. நாலு பேர் கருங்கல் தூக்கிவந்து மேலே வைத்து, என் அக்காவை அமுக்கினோம். உபதேசியார் ஜெபித்தார். மூப்பர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே ஆமென் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை தனியாகப் போனேன். மழை விட்டிருந்தது, ஆனாலும் அவள் குழிமேல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எங்கிருந்து என்று தேடினால், சுவரின் அடியில் சாண் அகலத்துக்கு ஒரு துளை. நாங்கள் கட்டியபோது அது இல்லை. மேட்டுத் தண்ணீர் வடிவதற்காக யாரோ பிறகு குத்தியிருக்கிறார்கள். எங்கள் பிணம் தாண்டக்கூடாத சுவரில் அவர்கள் தண்ணீருக்கு வழி.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கல்லும் களிமண்ணும் திணித்துத் துளையை அடைத்தேன். கசிவு நிற்கும்வரை குதிகாலால் மிதித்துக்கொண்டே இருந்தேன்.