ஆட்டோவில் தொடர்ந்த ஜெபம்

என் கையால் மோர் கொடுத்தே என் புருஷனைச் சாகவிட இருந்தேன். கர்த்தர் விடவில்லை. அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

என் கணவர் சாலமோன் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில், தோலை ஊறவைத்துச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறார். அங்கே யாருக்கு நெஞ்சு அடைத்தாலும் ரசாயன நெடி என்பார்கள். காற்றாட நின்று மோர் குடிப்பார்கள். போன ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை காலை, அவர் பாதி வேலையில் வீட்டுக்கு வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"நெடி ஜாஸ்தி எஸ்தரு. மோரு குடு" என்றார்.

நானும் பெரிய டாக்டர் மாதிரி உப்புப் போட்டுக் கொடுத்தேன். நெஞ்சிலிருந்த வலி தாடைக்கு ஏறியது. பாஸ்டருக்குப் போன் போட்டுவிட்டு முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்" என்று அழுதேன்.

ஆமென் சொல்லவில்லை, வாசலில் ஆட்டோ சத்தம். பக்கத்துத் தெரு ஆட்டோக்காரர் முபாரக் பாய், எங்களிடம் வாங்கிப்போன அண்டாவைக் கொடுக்க வந்தவர், இவரைப் பார்த்ததும் பதறினார்.

"இன்னாக்கா, அண்ணன் இப்டி வெளுத்துட்டாரு?"

"ஷாப்பு நெடி பாய். பாஸ்டர் வர்றாரு, ஜெபம் பண்ணா சரியாய்டும்."

"எங்க அப்பாவும் நெடின்னுதான் சொன்னாரு. மோரு குடிச்சிட்டுப் படுத்தவரு எந்திரிக்கவே இல்ல. ஜெபத்த ஆட்டோல பண்ணுங்க, ஏறுங்க!"

ஏறினோம். வழியெல்லாம் சத்தமாக ஜெபித்தேன். பாயும் தன் பங்குக்கு துவா ஓதிக்கொண்டே ஹாரன் அடித்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கேட்டது ஒன்றுதான்: "வலி எத்தினி மணிக்கு ஆரம்பிச்சிது?" நான் சொல்லி முடிப்பதற்குள் ஈசிஜி ஒயர்களை ஒட்டிவிட்டார். "வந்த பத்து நிமிஷத்துல இத எடுத்தாகணும்மா. அதான் எங்க வேல" என்றார். ஹார்ட் அட்டாக்தான். டாக்டர் ஓடிவந்து ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் இவர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"இன்னும் லேட் ஆகியிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டர். அப்போதுதான் நான் ஆமென் சொன்னேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே!

மறுநாள் வேலூரில் ரத்தக்குழாய் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். முடிந்து வார்டுக்கு வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "மீதி மோரு இருக்கா?" சிரித்துச் சிரித்து அழுதேன். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்!

இப்போது ஷாப்பில் யாராவது நெஞ்சைப் பிடித்தால் மோரைத் தட்டிவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் போடுகிறவர் இவர்தான்.

பிரியமானவர்களே, நான் பதிலுக்காகக் காத்திருந்தேன். பதில் இஞ்சினைக்கூட அணைக்காமல் வாசலில் நின்றது. உங்கள் வீட்டிலும் யாருக்காவது நெஞ்சு வலித்தால் கர்த்தரை நம்புங்கள், உடனே கிளம்புங்கள். ஆமெனை ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.