கஸ்தூரி திறக்காத கதவு

செவ்வாய்க்கிழமை காலை கஸ்தூரி இறந்துவிட்டார். டெங்கு காய்ச்சல். பிள்ளைப்பாக்கத்தில் அவர் நடத்திய, மரத்தைச் சூடேற்றும் சேம்பருக்குள் அப்போது சரக்கு அடுக்க நான் செய்த மரப் பேலட்டுகள் சூடேறிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் ஆட்கள் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். நான் போனபோது விசிறிகள் நின்றிருந்தன.

ஒரகடம் பக்கம் பெட்டி, பேலட் செய்கிற நமக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏற்றுமதிக்குப் போகும் கட்டையின் நடுப்பகுதி ஐம்பத்தாறு டிகிரிக்கு வந்து, அரை மணி நேரம் இறங்காமல் நிற்க வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் பூச்சி சாகும், முத்திரை குத்தலாம். விதி எல்லோருக்கும் தெரியும். கஸ்தூரி அதில் நம்மை ஏய்க்க விடமாட்டார். இருப்பதிலேயே தடித்த கட்டையில் துளை போட்டு சூடு அளக்கும் சென்சார் கம்பியைச் செருகுவார். "வெளிய தொட்டா சுடத்தான் செய்யும். உள்ள கீற பூச்சி சொல்லணும், போதும்னு" என்பார்.

முன்பு மின்வெட்டு நம்மை ஆட்டிப்படைத்த காலம். என் லாரி அவர் வாசலில் நிற்கிறது. துறைமுகத்தில் கன்டெய்னரை மூடப்போகிறார்கள். சூடு ஐம்பத்தைந்தைத் தொடும், கரண்ட் போகும். ஜெனரேட்டர் விசிறியை இழுக்கும், ஹீட்டரை இழுக்காது. மறுபடி முதலிலிருந்து. அரை மணி முடியாமல் கஸ்தூரி கதவைத் திறக்கமாட்டார்.

"இன்னாக்கா, இட்லி வேக இம்மாம் நேரமா?" என்றார் டிரைவர்.

"இட்லின்னா ஒண்ண உன் வாயில திணிச்சே பாத்திருப்பேன்யா. கட்டைய துன்றியா?"

கரண்ட் வந்ததும் நான் கெஞ்சினேன். "ஈரம் இழுக்கிற மெஷினையும் போடேன் கஸ்தூரி. அதுவும் சூடு தரும்ல?"

"உன் அவசரத்துக்கு மெஷின் வெந்துடும்ணே. இந்தச் சூடு அதுக்கு ஆவாது. ஈரம் உள்ளயே நிக்கட்டும், ஈரக்காத்துலதான் சூடு கட்டைக்குள்ள ஏறும்."

கன்டெய்னர் போய்விட்டது. அந்தக் கம்பெனி அதன்பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. நேர்மைக்குப் பலன் கிடைத்தது என்று எழுத ஆசைதான், கிடைக்கவில்லை. ஆட்களைப் பாதியாகக் குறைத்தேன். கஸ்தூரி ஆறுதல் சொல்லவில்லை. "என்னை எவ்ளோ வேணா திட்டிக்கோ. சரக்க மட்டும் இங்கயே கொண்டா" என்றார். திட்டிக்கொண்டேதான் கொண்டுபோனேன். அங்கிருந்து போன சரக்கு எதுவும் பூச்சி என்று திரும்பி வந்ததில்லை.

இந்தச் செவ்வாயும் அதே வாசலில் என் லாரி நின்றது. சரக்கு கேட்டு வேறொரு கம்பெனியின் போன் விடாமல் அடித்தது. அவர் கணவர் முனுசாமி வந்து சுவரில் சாய்ந்துகொண்டார். "அதுவே போயிட்சி. சரக்க எடுத்துக்கினு போணே. முத்திரை மேசை மேலதான் கீது."

எடுத்துப் போயிருக்கலாம். கேட்க யாருமில்லை. நான் திட்டுவதற்கும் ஆளில்லை. லாரியைக் காலியாகவே அனுப்பினேன். அடக்கம் முடிந்து, குளித்த ஈர வேட்டியோடு வந்து, ஈரம் இழுக்கும் மெஷினை அணைத்தபடியே விட்டு, விசிறியையும் ஹீட்டரையும் மட்டும் போட்டேன். ஐம்பத்தாறு வந்து அரை மணி முடியும்வரை கதவோரம் நின்றேன். இந்தக் கம்பெனியும் கூப்பிடாமல் போகலாம். அப்படிப் போனால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

சேம்பரை மூடிவிடுவதாகச் சொன்ன முனுசாமியோடு நேற்று பேசி முடித்தேன். சேம்பரை நான் நடத்துவேன். கதவுச் சாவி அவரிடம் இருக்கும். சென்சார் கம்பி தடித்த கட்டையில்தான். சூடு இறங்கினால் முதலிலிருந்து. அரை மணி முடியாமல் அவர் சாவி தரமாட்டார், உள்ளே இருப்பது என் சரக்காகவே இருந்தாலும்.