ஆடிக்காற்றுக்குச் சாத்திய கதவு

குழந்தைக்குச் சளி பிடித்தால் ஜன்னலைச் சாத்துவதா, திறந்து வைப்பதா என்று எனக்குச் சட்டென்று முடிவெடுக்க வராது. சாத்துவேன். பாவம், புழுங்குமே என்று திறப்பேன். மறுபடி சாத்துவேன். என் ஆறாம் வயதில் தோவாளையில் வந்த ஓர் ஆடி மாதத்திலிருந்தே நான் இப்படித்தான்.

ஒரு நாள் காலையில் வாய் கொப்பளித்த அம்மாவின் கடைவாய் வழியே தண்ணீர் ஒழுகியது. திரும்பிப் பார்த்தாள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. இடது கண் மூடவில்லை. நான் பெரியம்மாவிடம் ஓடினேன்.

வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான் வந்தார். அம்மாவின் இடது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார். "வாதம் மிஞ்சிப் போச்சு. உடம்புல ஓடுற வாயு கழுத்துக்கு மேல போக வழியில்லாம நிக்குது. அதான் நரம்ப இழுத்திருக்கு" என்றார். காதுக்குப் பின்னால் கட்டைவிரலால் எண்ணெய் தேய்த்துவிட்டார். நொச்சி இலை ஒத்தடமும், புளியும் மீனும் சேராத பத்தியமும் இருபத்தொரு நாள். "வெளிக்காத்து மொகத்துல அடிக்கப்பிடாது, பாத்துக்கிடுங்கோ."

ஆடியில் எங்கள் ஊர்க் காற்று கூரை ஓடுகளையே பெயர்த்துப் போடும். அப்பா மார்த்தாண்டத்தில் வாத்தியார், சனிக்கிழமைதான் வருவார். பெரியப்பாவும் பெரியம்மாவும் விடியுமுன் பிச்சிப்பூ பறிக்கப் போனால், பூவைச் சந்தையில் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவார்கள். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. "அம்மைய பாத்துக்க மக்கா" என்றாள் பெரியம்மா.

நான் பார்த்துக்கொண்டேன். அவர்கள் தலை மறைந்ததும் அறைக்கதவின் வெளி நாதாங்கியைப் போடுவேன். கீழ் இடுக்கில் பழந்துணியைச் செருகுவேன். அவர்கள் வரும் சத்தம் கேட்டதும் இரண்டையும் எடுத்துவிடுவேன்.

முதலில் அம்மா சிரித்தாள். "ஏட்டி, நான் என்ன கள்ளியா? கதவத் திற."

"காத்து வரும்."

"நீ உள்ள வந்துட்டு சாத்திரு. பேச்சுத் துணைக்கு வா."

"நான் வாறப்போ காத்தும் கூட வருமே."

தலை சீவி விடுகிறேன் என்றாள். கதை சொல்கிறேன் என்றாள். நான் அசையவில்லை. மாலையில் கதவு திறந்து எல்லோரும் உள்ளே போகும்போது நான் அடுக்களைக்குப் போய்விடுவேன். அந்த மூடாத கண் எனக்குப் பயம். காற்றைச் சொல்வது வசதியாக இருந்தது.

ஒரு வாரத்துக்குப் பின் அம்மா கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சேலை உரசுவது மட்டும் கேட்கும். கதவுக்கு இந்தப் பக்கம் நான் சாய்ந்திருந்த இடத்திலேயே, அந்தப் பக்கம் அவளும் சாய்ந்திருந்தாள். காலை முழுக்க வேறு குரல் கிடையாது, காற்று மட்டும்தான்.

இருபத்தொன்றாம் நாள் ஆசான் அம்மாவைச் சிரிக்கச் சொன்னார். வாய் நேராக விரிந்தது. கண் மூடித் திறந்தது. நான் முன்னால் வந்து, காலையில் ஒரு நாள்கூடக் கதவைத் திறக்கவில்லை என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"கதவப் பூட்டச் சொன்னது ஆரு?" என்றார் ஆசான். "காத்து நேரே அடிக்காம இருந்தா போதும். கிட்ட ஒரு ஆள் இருந்து பேச்சுக் குடுக்கணும். மனசு குறுகிப் போனா வாயுவும் ஓடாம நின்னு போகும் பாத்துக்கிடுங்கோ."

பெரியம்மா என்னை முறைத்தாள். அம்மா முந்திக்கொண்டாள். "அவ கூடத்தான் இருந்தா. ஒரு நாளும் விட்டுட்டுப் போகல."

நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். ஓடிப்போய் மடியில் உட்கார்ந்து, மூன்று வாரம் கழித்து, அம்மாவின் முகத்தை ஆசைதீரப் பார்த்தேன். அது சரியான பிறகுதான் பார்க்கிறேன் என்பதை அவள் கவனித்திருப்பாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.