உயிரோடு இருந்தவளுக்கு ஒரு நிமிட மௌனம்

தான் செத்துப்போன செய்தி டெய்லரம்மாவுக்கு ஒரு வாரப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அப்போது அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் கைவிரித்ததும், கவிதை எழுதிக்கொண்டிருந்த கணவன் வேலை தேடிப் போவதாகச் சொல்லி ரயிலேறிவிட்டான். போன இடத்தில் மனைவியை இழந்தவனாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு இரங்கற்பா எழுதினான். பத்திரிகை அதை முழுப்பக்கத்தில் போட்டது. படித்தவர்கள் கண் கலங்கினார்கள். அதற்குள் இங்கே அவளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது.

அவள் தம்பி விஷயத்தை எழுதிப் போட்டான். பதில் அவளுக்கு வந்தது.

“நீ பிழைத்தது மகிழ்ச்சியே. ஆனால் கவிதை அச்சாகிவிட்டது. இந்த நேரத்தில் நீ வந்து நின்றால் என் கதி என்ன என்று கொஞ்சம் யோசி.”

அவள் யோசித்தாள். கொஞ்ச நாளில் எல்லாம் சரியாகும், கூப்பிட்டுக்கொள்வார் என்று நம்பினாள். அடுத்த கடிதத்தில், “காய்ச்சலில் உனக்கு முடி கொட்டியதே, கொத்தாகவா, இழை இழையாகவா? விவரமாக எழுது” என்று கேட்டிருந்தான். அக்கறை என்று நினைத்து, தலையணையில் ஒட்டிக் கிடந்த முடியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினாள். அதற்குள் தையல் கற்றுக்கொண்டு, பழைய துணிகளைப் பிரித்துச் சரிசெய்யும் சின்னக் கடை ஒன்றைத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் கோட்டின் கையைக் குட்டையாக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த பெண் ஒருத்தி பத்திரிகையைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள். தலையணை, முடி, எல்லாம் அதில் இருந்தது. டெய்லரம்மா எழுதிய வார்த்தைகள்கூட மாறவில்லை.

“பாவம், எப்படி நேசிச்சிருக்கார் பாருங்க!” என்றாள் அந்தப் பெண்.

டெய்லரம்மா ஊசியில் நூல் கோத்தாள். அன்றோடு அவனுக்கு எழுதுவதை நிறுத்தினாள். அவனுடைய கடிதங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. என் பெயரை யாரிடமும் சொல்லாதே. பேட்டி எடுக்கிறவர்கள் வந்தால் ஊரில் இருக்காதே. மற்ற கவிஞர்களைப் பற்றிய வசவு. பரிசு கிடைக்காத ஆத்திரம். அவனைப் போற்றிய விமர்சகரைப் பற்றி, ‘அழுமூஞ்சி, ரெண்டு சொட்டுக் கண்ணீர் காட்டினால் எதையும் எழுதுவான்’ என்ற எகத்தாளம். மனசைத் திறந்து கொட்ட அவனுக்குச் செத்தவள் ஒருத்தி தேவைப்பட்டாள்.

காலம் ஓடியது. அவள் தலை நரைத்தது. வாயையும் திறக்கவில்லை, கடிதங்களையும் எரிக்கவில்லை. கவிஞரின் புதுப் புத்தகத்தைப் பற்றி விளம்பரம் வந்த அன்றுதான் எல்லாம் மாறியது: இறந்த மனைவிக்கு இத்தனை வருஷமாக அவர் ரகசியமாக எழுதிய காதல் கடிதங்கள், முதன்முறையாக!

ஜெராக்ஸ் கடை வைத்திருந்த தம்பியிடம் கடிதக் கட்டைக் கொண்டுபோய் வைத்தாள்.

“எல்லாத்தையும் காப்பி எடுடா. ஒண்ணும் விடக்கூடாது.”

“இப்ப எதுக்குக்கா இதெல்லாம்? உனக்கே அசிங்கம்.”

“பொணத்துக்கு என்னடா அசிங்கம்?”

வெளியீட்டு விழாவில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். மேடையில் கவிஞருக்குப் பக்கத்தில் அதே விமர்சகர்தான் தலைவர். மறைந்த அம்மையாருக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி என்று அவர் சொன்னதும் அரங்கமே எழுந்தது. கவிஞர் கண்ணை மூடினார். டெய்லரம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

பொறுப்பாளர் ஒருவர் குனிந்து, “எந்திரிங்கம்மா, செத்தவங்களுக்கு மரியாதை” என்றார்.

“எனக்கு நானே எந்திரிச்சு நிக்கணுமா?”

அந்த மௌனத்தில் அது கடைசி வரிசைவரை கேட்டது. கவிஞர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று.

“யாரோ மனநிலை சரியில்லாதவங்க” என்றார் மைக்கில்.

“கையெழுத்துமா சரியில்ல?” என்று அவள் மேடையேறி, காப்பிக் கட்டைத் தலைவர் கையில் கொடுத்தாள். மேலே எந்தக் கடிதம் இருக்கவேண்டும் என்பதை அவள் பார்த்துப் பார்த்து அடுக்கியிருந்தாள். ‘அழுமூஞ்சி’ என்ற இடத்தில் தலைவரின் பார்வை நின்றது. அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தேதியோடு, நிறுத்தி நிதானமாக, அதை மைக்கில் வாசித்தார். அடுத்தது, முடி கொத்தாகவா இழை இழையாகவா என்று கேட்ட கடிதம். யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. வாசித்து முடிப்பதற்குள் கவிஞரின் நாற்காலி காலியாகியிருந்தது.

பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது. வேறொரு பதிப்பகம் அசல் கடிதங்களை ஒரு வரி வெட்டாமல் அச்சிட்டது. அவள் போட்ட ஒரே நிபந்தனை அது.

சில மாதம் கழித்துக் கவிஞர் கடைக்கே வந்தார். சட்டைக் காலர் நைந்திருந்தது.

“என்னை ஒரு தடவை மன்னிக்கக்கூடாதா? வீட்டுப்பக்கம் யாரும் வர்றதில்ல. செத்தவன் மாதிரி இருக்கேன்.”

“பழகிடும்” என்றாள் அவள். “எனக்குப் பழகலையா?”

அவர் போனபின், கடைக்கு வந்திருந்த தம்பி மெல்லக் கேட்டான். “இன்னும் ஆறலையாக்கா?”

“ஆறினா சொல்றேன்” என்றவள், தையல் மெஷின் பெடலை மிதித்தாள்.